சோறு போட்டீர்கள் சாமி, ஒதுங்க ஓர் இடமும் கொடுங்கள்

மதுரையிலிருந்து பழனி போகும் பாதையில் தைப்பூசத்துக்கு அன்னதானம் செய்யும் குழுக்கள், சங்கங்கள், கிராமத்தார், தோட்டக்காரர்கள், கடைக்காரர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

இந்தத் தையில்தான் முதன்முதலாகப் பழனிக்கு நடந்தேன். பிறந்து வளர்ந்தது எல்லாம் மதுரை. மார்கழி பிறந்தால் பச்சை கட்டி மாலை போட்டவர்கள் தெருவில் நடமாடுவதையும், தை பிறந்ததும் சின்னச் சப்பரத்தை இழுத்துக்கொண்டு மைக் செட்டோடு திண்டுக்கல் ரோட்டில் வரிசையாகப் போவதையும் வருஷா வருஷம் பார்த்தவள். கிராம சுகாதாரச் செவிலியராக வேலையில் இருந்தவரை லீவு கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றபின் எங்கள் தெருக் குழுவோடு கிளம்பினேன்.

ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்திலும் பசி என்றால் என்னவென்று தெரியவிடாமல் பார்த்துக்கொண்டீர்கள். பரவை தாண்டும்போதே சுக்குக் காப்பி. வாடிப்பட்டியில் விடியக்காலையில் ஆவி பறக்க வெண்பொங்கல். நிலக்கோட்டைக்கு அப்பால் ஒரு தோட்டத்து வாசலில், பாட்டி முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை குடும்பமே வரிசையாக நின்று நீர்மோர் ஊற்றியது. "சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க சாமி" என்று அந்தப் பிள்ளை தம்ளரை இரண்டு கையாலும் நீட்டிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. செம்பட்டிப் பக்கம் நல்ல வசதியான வீட்டுக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் காலை மடியில் தூக்கி வைத்துத் தைலம் தேய்த்துவிட்டார். யார் என்ன சாதி, எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாலை போட்டிருந்தால் சாமி, அவ்வளவுதான். எத்தனை நன்றி சொன்னாலும் தீராது.

அந்த நன்றியோடுதான் ஒன்று கேட்கிறேன். இந்தச் சாலையில் சோறு மிஞ்சுகிறது. பெண்கள் ஒதுங்க இடம் இல்லை. ஒரே இடத்தில் பத்துப் பந்தல் இருந்தால் ஒன்பது சோறு போடட்டும். ஒன்று மட்டும் கழிப்பறையாக, குளிக்கும் மறைப்பாக, சேலை மாற்றும் இடமாக இருக்கட்டும். இதைத்தான் கேட்க வந்தேன்.

முதல் நாள் நடையிலேயே ஒன்றைக் கவனித்தேன். எங்கள் குழுவில் ஆண்கள் கண்ட பந்தலில் எல்லாம் மோர் வாங்கிக் குடித்தார்கள். பெண்கள் வாயை நனைத்துக்கொண்டு தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்கள். "என்ன மதினி, தாகமா இல்லையா?" என்று ஒருத்தியிடம் கேட்டேன். "குடிச்சா அப்புறம் எங்க போறது?" என்றாள். சமயநல்லூர் தாண்டியதும் நாற்கரச் சாலை. ஒரு பக்கம் லாரி, மறுபக்கம் கம்பி வேலி. ஆண்கள் முதுகைக் காட்டி நின்றுவிட்டால் முடிந்தது. பெண்களுக்கு இருட்ட வேண்டும், இல்லையென்றால் ஊர் வர வேண்டும். ஊர் வந்தாலும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

தை மாதத்தில் விடிகாலை பனி கொட்டும். பதினொரு மணிக்கு மேல் தார் ரோடு காய்ந்து, வெறுங்காலை வைக்க முடியாது. அந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நடந்தால் உடம்பு என்ன ஆகும் என்பதை ஆயுசு முழுக்க ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். முதலில் தலைவலி. பிறகு கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகி அளவும் குறையும். அதையும் அடக்கி வைத்தால் கிருமி பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாயின் நீளமே 4 சென்டிமீட்டர் அளவுதான். கிருமி ஏறிப் போக அது தூரமே இல்லை. நீர்க்கடுப்பு என்று வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டு நடப்பார்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவில் வலியும் வந்தால், தொற்று சிறுநீரகம் வரை போய்விட்டது என்று அர்த்தம். சாமி கும்பிட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர்களை வேலைக் காலத்தில் பார்த்திருக்கிறேன். அப்போது வழியில் என்ன நடந்தது என்று யாரும் சொன்னதில்லை, வெட்கம்.

இதைவிட என்னைப் பதற வைத்த விஷயம் வேறு. கொடைரோடு பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, இன்னொரு குழுவில் வந்த ஓர் அக்கா தலைசுற்றுகிறது என்றார்கள். அறுபதுக்கு மேல் இருக்கும். பிரஷர் மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன். சுருக்குப் பையைத் திறந்து காட்டினார்கள். மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. மாலை போட்டதிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டவர், நடக்கக் கிளம்பிய அன்று நிறுத்திவிட்டார். "அது நீர் மாத்திரை தாயி. போட்டா அரை மணிக்கு ஒருக்கா ஒண்ணுக்கு வருது. ரோட்டுல என்ன பண்ண?"

மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் திட்டம் தொடங்கியதிலிருந்து, பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அப்படி வந்த மாத்திரையை, ஒதுங்க இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெண் பையிலேயே வைத்துக்கொண்டு 120 கிலோமீட்டர் நடக்கிறாள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். நாலைந்து பிள்ளை பெற்றவர்களில் பலருக்குக் கர்ப்பப்பை இறக்கம், இருமினாலே கசியும். இந்தப் பெண்கள்தான் வேண்டுதலோடு நடக்கிறார்கள். பேரனுக்குக் காய்ச்சல் விட்டால் நடக்கிறேன், மகளுக்குக் கல்யாணம் கூடினால் நடக்கிறேன் என்று குடும்பத்துக்காக நேர்ந்துகொண்டவர்கள்.

செம்பட்டியிலிருந்து கன்னிவாடிப் பக்கம் திரும்பிய பிறகு, ராத்திரி நடையில், எங்கள் குழுப் பெண்கள் செய்ததைச் சொல்கிறேன். ரோட்டை விட்டு உள்ளே போகப் பயம். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் உண்டு, பூச்சி பொட்டும் உண்டு. அதனால் ரோட்டோரப் புளியமரத்தை ஒட்டி இரண்டு பேர் சேலையை விரித்துப் பிடித்தார்கள். ஒவ்வொருத்தராக உள்ளே போய் வந்தோம். தூரத்தில் லாரி வெளிச்சம் தெரிந்தால் "வண்டி, வண்டி" என்று பிடித்திருப்பவர்கள் குரல் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவள் பாதியில் எழுந்துவிடுவாள். வெளிச்சம் சேலையைத் துளைத்துக்கொண்டு ஆளின் உருவத்தை மரத்தின்மேல் வரைந்துவிட்டுப் போகும். எங்களோடு வந்த ஓர் அப்பத்தாவுக்கு, நடந்து நடந்து தொடை இறுகி, குத்தவைக்கவே முடியவில்லை. ஒருத்தி அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். அங்கிருந்து நூறடி தள்ளி அன்னதானப் பந்தல் ஒன்று டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. தண்ணீர் லாரி நிற்கிறது, ஜெனரேட்டர் ஓடுகிறது, இருபது இளவட்டங்கள் ஓடி ஓடிப் பரிமாறுகிறார்கள். பந்தலுக்குப் பக்கத்தில், தட்டு போடும் இடத்தில், பாதி தின்ற தக்காளி சாதம் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. கைகழுவும் இடத்தில் நின்ற ஒரு தம்பியிடம் கேட்டேன். நல்ல பிள்ளை. நிஜமாகவே முழித்தான். "அது யோசிக்கலையே அம்மா" என்றான்.

ஆமாம், யோசிக்கவில்லை. அதனால்தான் இப்படி எழுதிக் கேட்கிறேன். யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவர்களிடம் பேசுவது வேறு. நீங்கள் கேட்டால் செய்கிறவர்கள்.

நம் முன்னோர் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். தருமம் 32 என்று எண்ணி வைத்தார்களே, அந்தப் பட்டியலில் சோறு போடுவதோடு தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது, தங்குவதற்கு மடம் இருக்கிறது, குளம் வெட்டுவது இருக்கிறது. தலைக்கு எண்ணெய் கொடுப்பது, கண்ணாடி கொடுப்பது, நாவிதரையும் வண்ணாரையும் ஏற்பாடு செய்து கொடுப்பது, பிள்ளைப்பேறு பார்ப்பது எல்லாம் தருமம். மாடு உடம்பைச் சொறிந்துகொள்ள ஒரு கல் நட்டு வைப்பதுகூடத் தருமம் என்று எழுதி வைத்த ஊர் இது. உடம்புக்கு எது எது தேவையோ அதைத் தேடித் தேடிச் செய்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து ஏற்றிக்கொள்ளலாம். ராணி மங்கம்மாள் பேரில் மதுரை ரயிலடிக்கு எதிரில் நிற்கும் சத்திரம், வழிப்போக்கர்கள் படுத்து எழுந்து குளித்துக் கிளம்புவதற்கான இடம். பழனிப் பாதையில் நாம் கடக்கும் மூலச்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்ற ஊர்ப்பேர்கள் எல்லாம் அந்தக் காலத்தைச் சேர்ந்தவைதான். நகரத்தார் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடி எடுத்துப் போகிறார்கள். திரும்பும்போதும் நடந்தே வருகிறார்கள். எங்கே இறங்குவது, எங்கே படுப்பது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக முன்கூட்டியே தீர்மானமான விஷயம். நம் தெருக் குழுக்களுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. டாடா ஏஸில் மூட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். வழியில் உங்களைத்தான் நம்பி வருகிறோம்.

நான் பேசிப் பார்த்த இரண்டொரு குழுக்களில் சில மறுப்புகள் வந்தன. எல்லாமே மனசில் பட்டதைச் சொன்னவை; அதனால் மறைக்காமல் பதில் சொல்கிறேன்.

"அன்னதானத்துக்குத்தான் புண்ணியம், காசு கொடுக்கிறவன் கக்கூசுக்குக் கொடுக்க மாட்டான்" என்றார் ஒருவர். கொடுப்பார்கள் ஐயா, கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுப்பார்கள். உபயம் என்று போர்டில் பேர் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. "பெண்கள் குளியலறை, இன்னார் குடும்பத்தார் உபயம்" என்று போடுங்கள். தன் அம்மா பேரில், தன் அப்பத்தா பேரில் செய்ய ஆள் வரும். பசித்தவனுக்குச் சோறு போட்டால் அவன் வயிறு குளிரும். வாடிப்பட்டியிலிருந்து அடக்கிக்கொண்டு வந்தவளுக்கு கொடைரோட்டில் ஒரு கதவைத் திறந்துவிட்டால், அவள் உங்கள் குலத்தையே வாழ்த்திவிட்டுப் போவாள்.

இன்னொருவர் சுத்தம், தீட்டு என்றார். பந்தலில் முருகன் படம் இருக்கிறது, பக்கத்தில் எப்படி என்றார். பந்தலை ஒட்டி வேண்டாம். நூறு அடி, இருநூறு அடி தள்ளி இருக்கட்டும். இப்போது நடப்பது என்னவென்றால், உங்கள் பந்தலுக்குப் பின்னாலேயே இருட்டில் எல்லோரும் ஒதுங்குகிறார்கள். விடிந்தபின் ஈ எங்கே உட்கார்ந்து எங்கே வருகிறது என்பதை ஒரு செவிலியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: நேராக உங்கள் சாத அண்டாவுக்கு வருகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துதான் அன்னதானம் செய்ய வேண்டும் என்று வருஷா வருஷம் அறிவிப்பு வருகிறது, நீங்களும் செய்கிறீர்கள். வாந்திபேதியைத் தடுப்பதில் அதே அளவு முக்கியம் இது.

அரசாங்கம் செய்யட்டும் என்பது மூன்றாவது. செய்யத்தான் வேண்டும். 2021-இல் தைப்பூசத்தைப் பொது விடுமுறை ஆக்கினார்கள். அடிவாரத்திலும் பழனி ஊருக்குள்ளும் திருவிழாவுக்கென்று தற்காலிக ஏற்பாடுகள் செய்கிறார்கள். நடுவழியில்தான் குறை. நெடுஞ்சாலைத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் மனு கொடுக்க வேண்டியதுதான், கொடுப்போம். ஆனால் இந்தச் சாலையில் தண்ணீர் லாரி, விளக்கு, இடம், ஆள் நான்கையும் ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் நீங்கள் மட்டும்தான். பெட்ரோல் பங்குகளில் சிலர் மனசார உள்ளே விட்டார்கள். சில இடத்தில் கதவில் பூட்டு தொங்கியது. கல்யாண மண்டபங்களைக் கேட்கலாம் என்றால், தை மாதம் முகூர்த்த மாதம், ஒன்றுகூடக் காலி இருக்காது. பள்ளிக்கூடங்கள் வேலை நாளில் கிடைக்காது.

சரி, எப்படிச் செய்வது? கிராமங்களில் கழிப்பறை கட்ட வைக்கத் திரிந்த அனுபவத்தில் கொஞ்சம் சொல்கிறேன்.

வரிசை நிற்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுக்கு மட்டும்தான் போக வேண்டியிருக்கும். அதற்குப் பீங்கான் வைத்த கழிப்பறை தேவையே இல்லை. சாய்வாகக் கல் பரப்பிய தரை, ஓரத்தில் ஒரு வடிகால், அது போய் விழ உடைகல்லும் செங்கல் ஜல்லியும் போட்ட ஓர் உறிஞ்சு குழி, தடுப்பு தடுப்பாக மறைப்பு. ஒரு நாள் வேலை. இது தனியாக இருந்தால் கூட்டம் மளமளவென்று கரையும். வெளிக்குப் போக வேண்டியவர்களுக்கு மட்டும் இரண்டு மூன்று கழிப்பறை தனியாக இருந்தால் போதும். வாடகைக்கு நடமாடும் கழிப்பறை எடுக்கலாம். குழி தோண்டினால் கிணற்றிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் குறைந்தது 30 மீட்டர் தள்ளித் தோண்டுங்கள்.

எத்தனை வைப்பது என்று கேட்பீர்கள். பேரிடர் முகாம்களுக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் ஸ்பியர் வழிகாட்டியில், தொடக்கத்தில் 50 பேருக்கு 1, போகப் போக 20 பேருக்கு 1 என்று வைத்திருக்கிறார்கள். நடைபாதையில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். ஆனால் அதே வழிகாட்டியில் உள்ள இன்னொரு கணக்கைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆண்களுக்கு 1 என்றால் பெண்களுக்கு 3. நம் ஊரில் எங்கே பார்த்தாலும் சரிபாதியாகக் கட்டிவிட்டு, பெண்கள் பக்கம் மட்டும் ஏன் வரிசை நீளுகிறது என்கிறோம். சேலையைச் சுருட்டிப் பிடித்து, பையைக் கழற்றி வைத்து, திரும்பக் கட்டிக்கொண்டு வர நேரம் ஆகாதா?

மறைப்புக்குப் பச்சை வலை கட்டாதீர்கள். பகலில் மறைக்கிற மாதிரி இருக்கும். ராத்திரி உள்ளே பல்பு எரிந்தால் வெளியில் எல்லாம் தெரியும். தகரமோ கனமான தார்ப்பாயோ கட்டி, விளக்கை வாசலுக்கு மேலே வெளிப்பக்கமாக வையுங்கள். உள்ளே வெளிச்சம் விழும், நிழல் மறைப்பில் விழாது. உள்ளே தாழ்ப்பாள். பை மாட்ட ஓர் ஆணி. ஈரத் தரையில் பையை வைக்க முடியாமல் பல்லில் கடித்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பிடித்துக்கொண்டு எழுந்திருக்க இரண்டு பக்கமும் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டிவிடுங்கள். நாற்பது கிலோமீட்டர் நடந்த தொடைக்கு அந்த மூங்கில்தான் தெய்வம். இடுப்பு முடியாதவர்களுக்கு ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று.

அப்புறம் போர்டு. ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே "பெண்கள் கழிப்பறை 1 கி.மீ." என்று பெரிய எழுத்தில் வையுங்கள். அந்த இடத்திலேயே அதற்கடுத்தது எத்தனை கிலோமீட்டர் என்றும் எழுதுங்கள். அடுத்தது எங்கே என்று தெரிந்தால்தான் பெண்கள் தைரியமாகத் தண்ணீர் குடிப்பார்கள். மணிக்கு நாலு கிலோமீட்டர் நடப்போம் என்று வைத்தால், ஒரு மணி நேர நடைக்கு ஒன்று வேண்டும். மொத்தப் பாதைக்கும் முப்பது இடம். முப்பது குழு முன்வந்தால் முடிந்தது. ஊருக்குப் பக்கத்தில் எல்லோரும் நெருக்கியடித்துப் பந்தல் போடுகிறீர்கள். நிலக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் பத்தடிக்கு ஒரு பந்தல். நடுவில் காடாகக் கிடக்கும் இடங்களை உங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த விருப்பாச்சி இந்தப் பாதையில்தான் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

மாதவிலக்கைப் பற்றி எழுதலாமா என்று குழுவில் இருந்த பெண்களிடம் கேட்டேன். எழுதுங்கள் என்றார்கள். விரதம் கெடக் கூடாது என்று தள்ளிப்போடும் மாத்திரையைத் தானாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. எல்லோருடைய உடம்புக்கும் அது ஒத்துக்கொள்ளாது. டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது என்பதை இந்த இடத்திலும் சொல்லி வைக்கிறேன். மாத்திரை போட்டும் வழியில் வந்துவிடுவது உண்டு. அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்கு போன் போடுகிறாள். அவள் நடப்பதா திரும்புவதா என்பது அவளும் அவள் வீட்டாரும் முடிவு செய்வது. ஆனால் அந்த நேரத்தில் ஒரு நாப்கினும், மாற்றிக்கொள்ள மறைவான இடமும், போட மூடியுள்ள ஒரு டப்பாவும், ஒரு வாளி வெந்நீரும் கிடைத்தால், அவளுக்கு அதுவே பெரிய ஆறுதல். பெண்கள் பகுதிக்குள் பெண்களே நிற்க வேண்டும். ஆண்கள் வெளியே காவலுக்கு மட்டும்.

கடைசியாக, யார் கழுவுவது? இதுதான் எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி. பரிமாற நூறு பேர் வருகிறார்கள், விளக்குமாற்றுக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று ஒரு குழுத் தலைவர் வருத்தத்தோடு சொன்னார். சேரியிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் அதே மூச்சில் வந்தது. அந்த வழி வேண்டாம் ஐயா. சம்பளத்துக்கு ஆள் வைத்தால், கையுறையும் பூட்ஸும் முழுக் கூலியும் கொடுத்து, அவர்களையும் சாமி என்றே கூப்பிட்டு, பந்தியில் உட்கார வைத்துச் சோறு போடுங்கள். குழி நிரம்பினால் உறிஞ்சும் லாரிதான் வர வேண்டும். மனிதரை இறக்கி அள்ளச் சொல்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பாவம். முடிந்தவரை நீங்களே கழுவுங்கள். அப்பர் சுவாமி கையில் பிடித்திருப்பது உழவாரம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கியவர் அவர். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோயில் கோயிலாகப் போய் உழவாரப்பணி செய்யும் அடியார்கள் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்கள் கண்ணில் பட்டால், தைப்பூச வாரத்தில் மட்டும் உங்கள் உழவாரத்தைப் பழனிச் சாலைக்குக் கொண்டு வாருங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். பெண்கள் பகுதிக்கு நானும், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர்கள் சிலரும் வருவதாகப் பேசி வைத்திருக்கிறோம். கழுவவும் வருவோம், பிரஷர் பார்க்கவும் வருவோம்.

சோற்றைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. சாதம் குறைத்து, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் எதையாவது கூட்டுங்கள்: மோர், எலுமிச்சை ஜூஸ், பானகம், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். நடக்கும் வயிறு பொங்கலைவிட இதைத்தான் தேடுகிறது. அதில் மிச்சமாகும் அரிசிக் காசிலேயே தகரமும் மூங்கிலும் வந்துவிடும்.

ஆயக்குடி தாண்டி மலை கண்ணில் பட்டதும் "அரோகரா" என்று எல்லோரும் கத்தினோம். கொப்புளம் வெடித்த காலோடு 693 படியும் ஏறினேன். தண்டாயுதபாணியைப் பார்த்த அந்த நிமிஷத்தை எழுத எனக்குத் தெரியாது. வழியில் தலைசுற்றி உட்கார்ந்த அந்த அக்காவை அடிவாரத்தில் தேடினேன், கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்து சேர்ந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

கார்த்திகை வாக்கில் உங்கள் குழுக் கூட்டம் கூடும். அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின், சமையல் மாஸ்டருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதும்போது, பெண்கள் கழிப்பறை என்று ஒரு வரி சேருங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள். இடம் எங்கே, மறைப்பு எப்படி, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதை அவர்களே சொல்லட்டும். மழை முடிந்தவுடன் குழி தோண்ட ஆரம்பித்தால், தை பிறப்பதற்குள் தரை காய்ந்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
மதுரை